நேர்க்கோடே இல்லாத கோயில்: பண்டைய கிரேக்கக் கலையைப் பார்க்கப் பழகுவது

ஏதென்ஸ் நகரத்தின் நடுவே ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அக்ரோபொலிஸ் என்று பெயர். ‘உச்சி நகரம்’ என்று பொருள் சொல்லலாம். அதன் மேல் நிற்பது பார்த்தனான் கோயில். தூண்கள் நிற்கும் மேல்படி, நீளவாட்டில் சுமார் 69.5 மீட்டர். அந்தப் படியின் ஒரு கோடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, மறுகோடிக்கு வந்து, கல்லில் கன்னத்தைச் சாய்த்து விளிம்பு வழியாகப் பார்த்தால் டம்ளர் கண்ணில் படாது. நடுவில் கல் மேடாக எழும்பி மறைத்துவிடும். மேடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, 11 சென்டிமீட்டர்தான்.

காலப்போக்கில் தரை புடைத்துக்கொண்டு இப்படி ஆகவில்லை. கி.மு. 447-இல் வேலை தொடங்கியபோதே வேண்டுமென்று அப்படி வெட்டி வைத்தார்கள். அகலவாட்டிலும் இதே கதை, அங்கே சுமார் 6 சென்டிமீட்டர். தூண்களைப் பார்த்தால் அவை செங்குத்தாக நிற்பது போலத் தோன்றும். உண்மையில் எல்லாமே உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கின்றன. 10 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தூணில் 7 சென்டிமீட்டர் அளவுக்குச் சாய்வு. தூணின் உடம்பும் கீழிருந்து மேலே ஒரே சீராக ஒடுங்காமல், நடுவில் மிக மெல்லிய உப்பலோடு போகிறது. நான்கு மூலைத் தூண்கள் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றே பருமன், ஏனென்றால் அவற்றுக்குப் பின்னால் சுவர் இல்லை, வெறும் வானம். வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் பொருள் கண்ணுக்கு இளைத்துத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் செய்தார்கள்? ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். நீளமான படியை நேராகப் போட்டால், பார்ப்பவருக்கு அது நடுவில் குழி விழுந்தது போலத் தோன்றும். அதைச் சரிக்கட்டத்தான் இந்த மேடு. மழைநீர் வடிவதற்கும் அது உதவியிருக்கும் என்பது இன்னொரு கருத்து. கட்டடம் செத்த பெட்டி போல இல்லாமல் மூச்சு விடுவது போல இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்பவர்களும் உண்டு. எது சரியாக இருந்தாலும், இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை யோசித்துப் பாருங்கள். படி வளைந்தால் அதன்மேல் நிற்கும் தூணின் அடி வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட வேண்டும். தூண் சாய்ந்தால் அதன்மேல் வரும் உத்தரமும் மாற வேண்டும். பக்கத்துக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் அளவு ஒன்றாக இருக்காது. பார்ப்பதற்கு அச்சில் வார்த்தது போல இருக்கும் கட்டடத்தில், ஒவ்வொரு கல்லும் தன் இடத்துக்கென்று தனியாக வெட்டிய கல்.

கிரேக்கக் கலைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. மனிதனின் கண், மனிதனின் உடம்பு, மனிதர் கூடும் ஊர்: இவைதாம் அந்தக் கலைஞர்களின் அளவுகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோயில், சிலை, பானை, நாடகம் என்று எதைப் பார்த்தாலும் வழி தெரியும்.

கோயில் யாருக்கு?

பார்த்தனானுக்குள் நுழைந்து கூட்டமாக வழிபட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. அப்படி இல்லை. கிரேக்கக் கோயில் என்பது தெய்வத்தின் வீடு. உள்ளே கருவறை போன்ற ஓர் அறையும், அதில் தெய்வத்தின் உருவமும், வந்து சேர்ந்த காணிக்கைகளும் இருக்கும். பலிபீடம் வெளியே, திறந்த வெளியில். ஆடுமாடுகளைப் பலியிடுவது, தீ வளர்ப்பது, பாடுவது, கறியைச் சமைத்துப் பங்கு போட்டு உண்பது எல்லாம் வெளியேதான். கிரேக்கக் கோயிலின் அழகு முழுவதும் வெளிப்புறத்தில், சுற்றிலும் தூண் வரிசையில் இருப்பதற்கு இதுவே காரணம். மக்கள் நின்றது அங்கே.

பார்த்தனானில் முகப்புக்கு 8 தூண், பக்கத்துக்கு 17 தூண். கிரேக்கர்களுக்குப் பிடித்த ஒரு கணக்கு இது: முன்பக்கத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு ஒன்று. உள்ளே பீடியாஸ் என்ற சிற்பி செய்த அதீனா தேவி நின்றாள். சுமார் 12 மீட்டர் உயரம். தோலுக்குத் தந்தம், உடைக்குத் தங்கம். அந்தத் தங்கத்தின் எடை 40 தாலந்து என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,000 கிலோ. தங்கத் தகடுகளைக் கழற்றி எடுக்கும்படி செய்திருந்தார்கள். போரில் பண முடை வந்தால் தேவியிடம் கடன் வாங்கிக்கொண்டு பிறகு திருப்பித் தந்துவிடலாம் என்று தலைவர் பெரிக்கிளீஸ் ஊர் மக்களுக்குச் சொல்லியிருக்கிறார். பக்தியும் நிதித்துறையும் ஒரே அறையில் இருந்தன. சிலை இன்று இல்லை. சிறிய பிற்காலப் பிரதிகளை வைத்துத்தான் அதை ஊகிக்கிறோம்.

மரம் கல்லான கதை

ஆரம்பத்தில் கிரேக்கக் கோயில்கள் மரத்தாலும் பச்சை மண் செங்கல்லாலும் ஆனவை. ஒலிம்பியாவில் ஹீரா தேவியின் கோயிலில் மரத்தூண்கள் ஒவ்வொன்றாகப் பழுதாக, அவ்வப்போது அந்த இடத்தில் கல்தூண் வைத்துக்கொண்டே வந்தார்கள். அதனால் ஒரே கோயிலில் தூண்களின் பருமனும் தலைப்பாகமும் வேறுவேறாக இருக்கின்றன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பௌசானியஸ், இன்னும் ஒரு கருவாலித் தூண் மட்டும் மிச்சமிருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

கல்லுக்கு மாறிய பிறகும் மரத்தின் நினைவு போகவில்லை. டோரிக் கோயில்களில் தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையைப் பாருங்கள். மூன்று செங்குத்துக் கோடு போட்ட ஒரு கட்டை, அப்புறம் ஒரு சதுரப் பலகை, மறுபடியும் கோடு போட்ட கட்டை என்று மாறி மாறி வரும். அந்தக் கோடு போட்ட கட்டை, ஒரு காலத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த உத்தர மரத்தின் முனை என்று பழங்காலத்திலேயே விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். இடையில் உள்ள சதுரப் பலகைகளில் சிற்பம் வைப்பார்கள். பார்த்தனானில் அப்படி 92 பலகைகள்.

தூண் வகை மூன்று என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். டோரிக் தூணுக்கு அடிப்பீடம் கிடையாது. நேராகப் படியிலிருந்து எழும்பும், தலையில் ஒரு சாதாரணத் தட்டும் அதன்மேல் சதுரப் பலகையும். அயோனிக் தூண் ஒல்லி, காலுக்குப் பீடம் உண்டு, தலையின் இரண்டு பக்கமும் சுருள் இருக்கும். கொரிந்தியன் தூணின் தலையில் அகந்தஸ் என்ற முட்செடியின் இலைகள். கொரிந்தியனைக் கிரேக்கர்களைவிட ரோமானியர்கள்தான் அதிகமாகக் கொண்டாடினார்கள், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அயோனிக் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அயோனியா என்பது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்கர் வாழ்ந்த பகுதி. கிழக்கே இருந்தவர்கள் முதலில் பழகிய கிரேக்கர்கள் இவர்கள் என்பதால், பாரசீகர்கள் எல்லாக் கிரேக்கரையும் ‘யௌன’ என்றார்கள். வடமொழியில் அது யவன ஆயிற்று. சங்கப் பாடல்களில் யவனர். பாவை விளக்கு செய்த யவனரும், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனரும் ரோமப் பேரரசுக் காலத்து வணிகர்கள். அவர்களில் பலருக்குக் கிரேக்கம்தான் எழுத்து மொழி. முசிறி வணிகம் பற்றிய 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம், ‘ஹெர்மப்பொல்லோன்’ என்ற கப்பலின் சரக்கோடு, கிரேக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுருள் தலைத் தூணின் பெயரும் நம் யவனர் என்ற சொல்லும் ஒரே ஊரிலிருந்து கிளம்பியவை என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

சாந்தில்லாமல், கணக்கோடு

பார்த்தனானை வடிவமைத்தவர்கள் இக்டினோஸ், கல்லிக்ரட்டீஸ். கல், சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெந்தெலிகோன் மலையின் பளிங்கு. வெட்டியபோது வெள்ளை, அதில் கொஞ்சம் இரும்பு இருப்பதால் காலப்போக்கில் தேன் நிறத்துக்கு மாறும்.

தூண் ஒரே கல் இல்லை. உரல் போன்ற வட்டக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒரு கல்லின் மேல்முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு சதுரக் குழி இருக்கும். அதில் ஒரு மரக்கட்டை, அந்தக் கட்டையின் நடுவில் ஒரு முளை. மேலே வரும் கல்லிலும் அதே மாதிரி குழியும் கட்டையும். முளையில் பொருத்தினால் இரண்டு கல்லின் மையமும் ஒன்றாகிவிடும். சாந்து, சுண்ணாம்பு எதுவும் கிடையாது. இரண்டு கல்லுக்கும் நடுவே மயிரிழை நுழையாது. காற்றும் ஈரமும் புகாததால் சில மரக்கட்டைகள் 2,400 ஆண்டு கழித்தும் உள்ளே கெடாமல் கிடைத்திருக்கின்றன. தூணின் மேலிருந்து கீழே ஓடும் வரிப்பள்ளங்கள், டோரிக்கில் 20, தூணை நிறுத்திய பிறகு செதுக்கப்பட்டவை. முன்னாலேயே செதுக்கினால் அடுக்கும்போது கோடு தவறிவிடும்.

சுவர்க் கற்களைப் பக்கவாட்டில் இணைக்க இரும்புப் பற்றுக்கம்பி. அதைக் குழியில் வைத்து, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் இரும்பைத் துருப்பிடிக்காமல் காத்தது. நிலநடுக்கத்தில் கொஞ்சம் அசைந்து கொடுக்கவும் செய்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் ஈயம் பூசாத இரும்பை வைத்தார்கள். அது துருவேறிப் பருத்து, பளிங்கை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. இப்போது வேலை செய்பவர்கள் அதையெல்லாம் கழற்றிவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். பழைய கொத்தனுக்குத் தெரிந்தது புதியவர்களுக்குத் தெரியாமல் போன இடம் இது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கி.மு. 480-இல் பாரசீகப் படை அக்ரோபொலிஸை எரித்தது. அதன் பிறகு பாரசீகரை எதிர்க்கப் பல நகரங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்து, பொது நிதியை டெலோஸ் தீவில் வைத்தன. கி.மு. 454-இல் அந்தக் கருவூலத்தை ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுவந்துவிட்டது. கூட்டாளிகள் போருக்குத் தந்த பணத்தில் நம் ஊருக்குப் பொன்னும் பளிங்குமாக அலங்காரம் செய்கிறோமே என்று ஏதென்ஸ் சபையிலேயே எதிர்ப்பு கிளம்பியது என்று பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அந்தக் கேள்வி நியாயமானது. கோயிலின் அழகை ரசிக்கும்போது அதையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலுள்ள எரெக்தியோன் கோயிலின் கட்டுமானக் கணக்கு கல்லில் வெட்டப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. குடிமகன், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன், அடிமை என மூன்று தரப்பினரும் ஒரே தூணில் வரிப்பள்ளம் செதுக்கியிருக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி, நாளொன்றுக்கு ஒரு டிராக்மா (ஒரு வெள்ளி நாணயம்) அளவில். அடிமைக்குரிய கூலி பெரும்பாலும் எசமானன் கைக்குப் போயிருக்கும். மக்களாட்சி பிறந்த ஊர் என்று நாம் கொண்டாடும் ஏதென்ஸில் அடிமைக்கும் வெளியூர்க்காரனுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு இல்லை. மனிதனை அளவாக வைத்தவர்கள் என்று மேலே சொன்னேன். எந்த மனிதன் என்று கேட்டால், பதில் குறுகிவிடுகிறது.

கல்லில் ஒரு திருவிழா

பார்த்தனானின் உள்சுவருக்கு மேலே, சுற்றிலும் 160 மீட்டர் நீளத்துக்கு ஒரு புடைப்புச் சிற்பப் பட்டை ஓடியது. உயரம் ஒரு மீட்டர்தான். அதில் இருப்பது ஒரு ஊர்வலம். பானதீனியா என்ற திருவிழா ஆண்டுதோறும் நடக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெரிதாக. அதில் ஊரே கிளம்பி, பெண்கள் நெய்த ஒரு சேலையை, கிரேக்கத்தில் பெப்லோஸ், அதீனாவுக்குக் கொண்டுபோய்ச் சாத்தும். சாத்துவது பீடியாஸின் தங்கச் சிலைக்கு இல்லை. அக்ரோபொலிஸிலேயே இருந்த பழைய ஒலிவ மரச் சிலைக்கு. எவ்வளவு பெரிய சிலை வந்தாலும் பழைய மூர்த்தத்துக்குத்தான் முதல் மரியாதை.

சிற்பப் பட்டையில் குதிரைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் படிந்து ஆறேழு வரிசையாகப் பாய்கிறார்கள். இவ்வளவு குதிரைக் கால்களும் ஆழமே இல்லாத கல்லில் எப்படி அடங்கின என்று வியக்க வைக்கும் இடம். ஒருவன் இன்னும் கிளம்பவில்லை, குனிந்து செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருக்கிறான். பலிக்குப் போகும் மாடு ஒன்று தலையைத் தூக்கிக் கதறுகிறது. கடிவாளங்கள் வெண்கலத்தில் தனியாகப் பொருத்தப்பட்டிருந்தன; இன்று கம்பிகள் போய், அவை இருந்த துளைகள் மட்டும் இருக்கின்றன. இந்தப் பட்டை தரையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில், நிழலான இடத்தில் இருந்தது. கீழே நிற்பவர் அண்ணாந்துதான் பார்க்க முடியும். அதற்காகச் சிற்பிகள் உருவங்களின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியைவிடப் புடைப்பாகச் செதுக்கினார்கள். மறுபடியும் பாருங்கள், கண் எங்கே நிற்கிறது என்ற கணக்கு.

இடுப்பு அசைந்த நாள்

கிரேக்கச் சிலைகளுக்கு வருவோம். கி.மு. 600 வாக்கில் செய்த இளைஞன் சிலைகளைக் கூரோஸ் என்பார்கள். விறைப்பாக நிற்பான், இடது கால் ஓர் அடி முன்னே, கைகள் தொடையோடு ஒட்டி, விரல்கள் மடங்கி. இந்த நிலையை எகிப்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எகிப்தியச் சிற்பி காலுக்கு இடையிலும் முதுகுக்குப் பின்னாலும் கல்லை விட்டு வைப்பான். கிரேக்கன் அதை வெட்டி எடுத்துவிட்டான். உருவம் தன் காலில் தானே நிற்க வேண்டும். இவற்றில் பல கல்லறை மேல் நின்றவை. அனவிசோஸில் கிடைத்த ஒரு கூரோஸுக்குரிய பீடத்தில், நின்று இரங்கு, முன்வரிசையில் போரிட்டு மாண்ட குரோய்சோஸின் கல்லறை இது என்ற பொருளில் எழுதியிருக்கிறது. வழிப்போக்கனை நிறுத்திப் பேசும் கல்.

நூறாண்டுக்கு மேல் இந்த விறைப்பு நீடித்தது. அப்புறம் கி.மு. 480 வாக்கில் ஒரு சிறுவன் சிலை. ‘கிரிட்டியோஸ் சிறுவன்’ என்று இன்று அழைக்கிறார்கள். இப்போது ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், பாதங்கள் உடைந்துபோயின. உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில். வலது முழங்கால் லேசாக மடங்கித் தளர்ந்திருக்கிறது. அதனால் இடது இடுப்பு ஒரு விரலளவு மேலே ஏறியிருக்கிறது, முதுகெலும்பு மெல்ல வளைகிறது, தலை ஒரு பக்கம் கொஞ்சம் திரும்புகிறது. அவ்வளவுதான் மாற்றம்.

நீங்களே எழுந்து நின்று பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்பது போல ஒரு காலில் பாரத்தைப் போடுங்கள். ஒரு இடுப்பு ஏறும், எதிர்ப்பக்கத் தோள் அதைச் சமன் செய்யும். ஓர் இடத்தை அசைத்தால் உடம்பு முழுவதும் பதில் சொல்கிறது. அந்தச் சிற்பி கண்டுபிடித்தது அதைத்தான். கூரோஸ் காலத்துக்கும் இப்படி நிற்பான். இந்தச் சிறுவன் அடுத்த நொடி காலை மாற்றிக்கொள்வான் என்று தோன்றும்.

அதன் பிறகு பொலிக்ளெய்டோஸ் என்ற சிற்பி இதற்கு ஒரு முழு இலக்கணமே வகுத்தார். விரலுக்கும் உள்ளங்கைக்கும், உள்ளங்கைக்கும் முன்கைக்கும் என்ன விகிதம் என்று நூல் எழுதி, அதற்குச் சான்றாக ஈட்டி ஏந்திய வீரன் சிலையை வெண்கலத்தில் செய்தார். நூலும் போயிற்று, வெண்கலமும் போயிற்று. ரோமானியர்கள் பளிங்கில் செய்துகொண்ட பிரதிகள் மட்டும் இருக்கின்றன. பாம்பேயில் கிடைத்த ஒன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தப் பிரதிகளில் காலோடு ஒட்டி ஒரு அடிமரம் இருக்கும். அது கதைக்காக வைத்ததில்லை. வெண்கலம் உள்ளே பொள்ளல், கணுக்காலே தாங்கிவிடும். பளிங்கு தாங்காது, முட்டு வேண்டும்.

மூல வெண்கலங்கள் ஏன் இல்லை என்றால், உருக்கி நாணயமாகவும் ஆயுதமாகவும் ஆக்கிவிட்டார்கள். தப்பியவற்றில் பல கடலில் மூழ்கியவை. 1972-இல் இத்தாலியின் ரியாச்சே கரைக்கு அருகே கடலடியில் இரண்டு வெண்கல வீரர்கள் கிடைத்தார்கள். உதடு செம்பு, ஒருவனுக்குப் பல் வெள்ளி. அவ்வளவு உயிர்ப்பான முகத்தைப் பார்த்த பிறகுதான், நாம் அருங்காட்சியகங்களில் பார்த்துப் பழகிய பார்வையற்ற வெள்ளைக் கண்கள் எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும்.

வெள்ளை ஒரு விபத்து

ஆமாம், கிரேக்கச் சிலைகள் வெள்ளையாக இருக்கவில்லை. கோயில்களும்தான். கோடு போட்ட கட்டைகளுக்கு நீலம், சிற்பங்களின் பின்புலத்துக்குச் சிவப்பும் நீலமும், உடைக் கரைகளில் பூவேலை, தலைமயிர், கண், உதடு எல்லாவற்றுக்கும் நிறம். யூரிப்பிடீஸின் நாடகத்தில் ஹெலன், சிலையிலிருந்து வண்ணத்தைத் துடைப்பது போல என் அழகைத் துடைத்தெறிந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள். வண்ணம் போன சிலை அவர்களுக்கு அழகற்ற சிலை.

மழையும் வெயிலும் மண்ணும் வண்ணத்தைத் தின்றுவிட்டன. பிற்கால ஐரோப்பா அந்த வெள்ளையைப் பார்த்து, இதுதான் தூய்மை, இதுதான் உயர்ந்த ரசனை என்று ஒரு கொள்கையே கட்டிக்கொண்டது. 1930-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தனான் சிற்பங்களை இன்னும் வெள்ளையாக்கச் செம்புக் கருவிகளால் சுரண்டினார்கள். கல்லின் மேல்தோலே போயிற்று. 2009-இல் அதே சிற்பங்களை அகச்சிவப்புக் கதிர் பதியும் கேமராவில் பார்த்தபோது, ‘எகிப்திய நீலம்’ என்ற சாயத்தின் துகள்கள் அங்கங்கே ஒளிர்ந்தன. ஐரிஸ் தேவதையின் இடைக்கச்சையில் நீலம் இருந்திருக்கிறது. சுரண்டியவர்கள் கைக்கும் தப்பிய நீலம்.

பானை பேசும்

கல்லும் வெண்கலமும் பணக்கார ஊரின் கலை. பானை எல்லோர் வீட்டிலும் இருந்தது. ஏதென்ஸின் குயவர் பகுதிக்குக் கெரமெய்கோஸ் என்று பெயர். ‘செராமிக்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வருகிறது.

சிவப்பும் கறுப்புமாக மின்னும் அந்தப் பானைகளில் கறுப்புச் சாயமே கிடையாது. பானை செய்த அதே களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, வண்டல் போக்கி, மிக நைசான குழம்பாக்கி அதில் எழுதுவார்கள். மாயம் நடப்பது சூளையில். முதலில் காற்று போக விட்டு எரித்தால், மண்ணிலுள்ள இரும்பால் பானை முழுக்கச் சிவக்கும். அடுத்து காற்றுத் துளையை அடைத்து, பச்சை விறகைப் போட்டுப் புகைய விடுவார்கள், முழுக்கக் கறுக்கும். இந்தச் சூட்டில் குழம்பு பூசிய இடம் மட்டும் இறுகிக் கண்ணாடி போல மூடிக்கொள்ளும். கடைசியாகத் துளையைத் திறந்தால் காற்றுப் பட்டு மண் மறுபடி சிவக்கும், மூடிக்கொண்ட இடம் கறுப்பாகவே நின்றுவிடும். ஒரே மண், ஒரே சூளை, மூன்று மூச்சு. சூட்டை அளக்கக் கருவி இல்லாமல் இதைச் செய்தார்கள்.

முதலில் சிவப்பு மண்ணில் கறுப்பு உருவம் எழுதினார்கள். கி.மு. 530–520 வாக்கில் அதைத் தலைகீழாக்கினார்கள்: பின்புலம் கறுப்பு, உருவம் சிவப்பு. முன்னே கோட்டைக் கீறிக் காட்ட வேண்டியிருந்தது. இப்போது தூரிகையால் தசையையும் துணி மடிப்பையும் தாராளமாக எழுத முடிந்தது. குயவர்கள் கையெழுத்தும் போட்டார்கள். யூதிமிடீஸ் என்பவர் தன் பானையில், யூஃப்ரோனியோஸால் ஒருநாளும் இப்படி முடியாது என்ற பொருள்பட எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தொழில் போட்டி இன்னும் சூடு ஆறாமல் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பானை உடைந்தாலும் வேலை தீராது. ஓட்டுத் துண்டில் ஒருவர் பெயரைக் கீறிப் போடுவார்கள்; யாராவது ஒருவர் ஊருக்கு ஆபத்து என்று மக்கள் நினைத்தால் இப்படி வாக்களித்துப் பத்தாண்டு வெளியேற்றுவது வழக்கம். அக்ரோபொலிஸ் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸ் என்ற ஏதென்ஸ் தலைவரின் பெயர் கீறிய ஓடுகள் 190 அளவில் கிடைத்தன. கையெழுத்துகளை ஒப்பிட்டால் வெறும் 14 பேர் எழுதியவை. யாரோ முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகம் செய்யத் தயாராக இருந்திருக்கிறார்கள். தேர்தல் வேலை என்றால் அன்றும் இதுதான்.

மலைச்சரிவில் நாடகம்

அக்ரோபொலிஸின் தெற்குச் சரிவில் டயோனிசோஸ் தெய்வத்தின் அரங்கம். நாடகம் அவருக்கு எடுக்கும் விழாவின் ஒரு பகுதி, அதுவும் போட்டி. ஆண்கள் மட்டுமே நடித்தார்கள், முகமூடி போட்டு. கீழே வட்டமான ஆடுகளம், பெயர் ஆர்கெஸ்ட்ரா. கோரஸ் என்ற பாடகர் குழு அங்கே ஆடிப் பாடும். எபிடாரஸில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கட்டிய அரங்கம் இன்றும் முழுசாக இருக்கிறது, 55 வரிசை. நடுவில் நின்று பேசினால் மேல் வரிசை வரை கேட்கும்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கி.மு. 472-இல் எஸ்கிலஸ் அரங்கேற்றிய ‘பாரசீகர்கள்’. தங்கள் ஊரை எரித்த எதிரியைச் சலாமிஸ் கடற்போரில் தோற்கடித்து எட்டே ஆண்டு. அந்த நாடகம் நடப்பது பாரசீக அரண்மனையில். மேடையில் அழுவது எதிரியின் தாய். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்கள். அவர்களுக்குப் பின்னால், எரிந்த கோயில்கள் இன்னும் கட்டப்படாமல் கிடந்தன. அதற்கு முதல் பரிசு கொடுத்தார்கள். நாடகச் செலவை ஏற்றவர் இளைஞர் பெரிக்கிளீஸ். கால் நூற்றாண்டு கழித்து பார்த்தனான் வேலையைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

அந்தப் பார்த்தனான் பிறகு மாதா கோயிலாக இருந்தது, மசூதியாக இருந்தது. 2,100 ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் முழுசாக நின்றது. 1687-இல் வெனிஸ் படை குன்றை முற்றுகையிட்டபோது, உள்ளே ஒட்டோமான் படை வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தது. ஒரு குண்டு விழுந்தது, நடுப்பகுதி முழுவதும் சிதறியது. 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜினின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்தார்கள். 1816-இல் பிரிட்டன் அவற்றை விலைக்கு வாங்கியது. 160 மீட்டர் ஊர்வலத்தில் ஏறத்தாழ 75 மீட்டர் லண்டனில் இருக்கிறது. கிரீஸ் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2023-இல் வத்திக்கான் தன்னிடமிருந்த மூன்று துண்டுகளைக் கொடுத்துவிட்டது.

குன்றின் அடிவாரத்தில் 2009-இல் திறந்த அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தை, பார்த்தனானின் அதே திசையில், அதே நீள அகலத்தில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஊர்வலக் கற்கள் கோயிலில் இருந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. மூலக்கல் தேன் நிறத்தில் இருக்கும். லண்டனில் உள்ளவற்றின் இடத்தில் வெள்ளைச் சுண்ணப் பிரதி. சில இடங்களில் ஒரே குதிரையின் தலை ஒரு நிறம், உடம்பு இன்னொரு நிறம். நிமிர்ந்தால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குன்றும், அதன்மேல் சாய்ந்த தூண்களோடு கோயிலும் தெரியும்.